தட்டு வட்டம்

2018 பிப்ரவரி 27, செவ்வாய்க்கிழமை. தாய்லாந்தின் சந்தபுரி மாகாணத்தில், கடலோர அரசுப் பள்ளி ஒன்றில், ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் எழுபத்திரண்டு பேர் காலை பத்தரை மணிக்கு சுகாதார, உடற்கல்வித் தேர்வு எழுத உட்கார்ந்தார்கள். நாற்பது கேள்விகள், கேள்விக்கு நான்கு விடைகள், ஒரு மணி நேரம்.

பதினேழாவது கேள்விக்கு வந்தபோது அவர்களில் முக் என்ற பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாப்பிடத் தகுந்த லாட நண்டு எது என்று கேட்டிருந்தார்கள். அ, வட்ட வால் உள்ளது. ஆ, முக்கோண வால் உள்ளது. இ, இரண்டும். ஈ, இரண்டும் அல்ல. இதைத்தான் அன்று விடிகாலையில் அவள் தன் அம்மாவுக்கே சொல்லிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். யோசிக்காமல் ‘அ’ வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.

முக்கின் அம்மா லம்யோங் படகுத்துறையில் சின்னதாக ஒரு கடை வைத்திருந்தாள். லாட நண்டை மல்லாக்கப் போட்டு அனலில் சுட்டு, உள்ளே இருக்கும் முட்டையைச் சுரண்டி எடுத்து, மாங்காய்த் துருவல், மிளகாய், சின்ன வெங்காயம், எலுமிச்சை, மீன்சாறு போட்டுப் பிசைந்து விற்பாள். அவர்கள் இந்த ஊர்க்காரர்கள் இல்லை. வடகிழக்கில் ரொயெட் பக்கம் வயற்காட்டில் இருந்தவர்கள், வந்து பதினான்கு மாதம் ஆகிறது. லாட நண்டுக்கு இங்கே சொல்கிற ‘மெங்டா’ என்ற பெயர் அவர்கள் ஊரில் வயல் தண்ணீரில் கிடக்கும் ஒரு பூச்சிக்கு உரியது. மிளகாயோடு இடித்துத் துவையல் அரைப்பார்கள். இங்கே முதல் வாரம் ஒருவர் வந்து மெங்டா முட்டை ஒரு தட்டு வேண்டும் என்று கேட்டபோது, ஒரு தட்டு நிறைய வேண்டுமானால் எத்தனை ஆயிரம் பூச்சியைக் கீறுவது என்று லம்யோங் திகைத்து நின்றாள். அதைச் சொல்லி இன்னும் சிரிப்பார்கள்.

சுடவும் பிசையவும் சீக்கிரமே கற்றுக்கொண்டாள். பிரிக்க மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. அதற்குத் தேவையே வரவில்லை. நண்டு கொண்டு வருகிற சம்னான் நல்லதை மட்டும் பிரித்துத்தான் கூடையில் போடுவார். சம்னான் வேறு யாருமில்லை, முக்கின் வகுப்புத் தோழி தாலேயின் அப்பா.

அன்று காலை ஐந்தே முக்காலுக்கு அவருடைய படகில் வேலை செய்யும் ஆள் வந்து கூடையை இறக்கினான். முதலாளிக்குக் காய்ச்சல், பிரிக்கவில்லை, தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு கிண்ணத்தைக் கடலில் விட்டுவிடச் சொன்னார் என்றான். லம்யோங் திரும்பி ஏதோ கேட்பதற்குள் அவன் வண்டி கிளம்பிவிட்டது.

முக் ஸ்டூலில் உட்கார்ந்து சுகாதாரப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒட்டரிசிச் சோற்றை உருட்டித் தின்றுகொண்டிருந்தாள்.

“தட்டுன்னா எதுடி, கிண்ணம்னா எது?” என்று அம்மா கேட்டாள்.

முக் இறங்கி வந்தாள். ஒரு நண்டை வாலைப் பிடித்துத் தூக்கி, வாலை விரலால் உருட்டிப் பார்த்தாள். “இன்னைக்குப் பரீட்சையில இதான்மா வருது. தட்டைத் தின்னலாம், கிண்ணத்தைத் தின்னக் கூடாது. தட்டு வட்டமா இருக்கும்ல, அப்ப வாலும் வட்டம். நான் அப்படித்தான் மனசுல வச்சிருக்கேன். தட்டு வட்டம்.”

அம்மா கூடைக்குள் கையை விட்டுப் பிரிக்கத் தொடங்கினாள். வட்ட வால் பதினொன்று, முக்கோண வால் ஏழு. “வட்ட வாலெல்லாம் சின்னதா இருக்கே. பெருசு பூராவும் போகுதே.”

“சின்னதுதான் ருசி” என்றாள் முக். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. வாயில் வந்தது, சொன்னாள்.

லம்யோங் பெரிய நண்டுகள் ஏழையும் ஒவ்வொன்றாகத் துறையின் ஓரத்திலிருந்து தண்ணீருக்குள் போட்டாள். மனசில்லாமல் போட்டாள். ஒவ்வொன்றும் ‘தொபுக்’ என்று விழுந்தது.

பதினொன்றரைக்கு மணி அடித்தது. மொபைல்களைத் திருப்பி வாங்கிக்கொண்டு எல்லோரும் சிற்றுண்டிக் கூடத்துக்கு ஓடினார்கள். கூட்டம் வழக்கம்போல கெங்கைச் சுற்றித்தான். வகுப்பில் முதல் மாணவன். வினாத்தாளைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள் என்பதால் தேர்வு முடிவதற்குள் தன் விடைகளையெல்லாம் ஸ்கேலின் பின்பக்கம் பென்சிலால் பொடிப்பொடியாக எழுதிக்கொண்டு வந்துவிடுவான். அவன் வாசிக்க வாசிக்க மற்றவர்கள் நெற்றியில் அடித்துக்கொள்வதும் மேசையில் குத்துவதும் ஒவ்வொரு தேர்வுக்கும் நடப்பதுதான்.

ஒன்பதாவது கேள்வி, காலால் பந்தை உதைத்து ஆடும் தக்ராவ் பற்றியது. பந்தை வலைக்கு அந்தப் பக்கம் அனுப்புவதற்குள் ஓர் அணி எத்தனை முறை தொடலாம் என்று கேட்டிருந்தார்கள். கெங் மூன்று என்றான். பள்ளி அணிக்கே தக்ராவ் ஆடுகிற தாலே நான்கு என்று எழுதியிருந்தாள்.

“ரெண்டு வருஷமா ஆடுற, அது கூடத் தெரியாதாடி?” என்று கெங் கேட்டான்.

“நான் ஒதைக்கிறதோட சரி. எண்ணுறதுக்குத்தான் நடுவர் ஒருத்தர் ஏணி மேல உக்காந்திருக்காரே.”

முக்கும் அதைத் தவறாகத்தான் எழுதியிருந்தாள். இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். பன்னிரண்டு, பதிமூன்று, பதினான்கு எல்லாம் சரி. பதினைந்து சரி. பதினாறில் கொஞ்சம் தகராறு.

“பதினேழு, ஆ” என்று வாசித்தான் கெங்.

“வெளையாடாத. அ” என்றாள் முக்.

கெங் ஸ்கேலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். “ஆதான். முக்கோணம்.”

“தட்டுதான தின்னலாம்?”

“தட்டுதான்.”

“தட்டு வட்டமா இருக்குமா இருக்காதா?”

கெங்குக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தான். “தட்டு வட்டம்னா கிண்ணம் என்ன சதுரமா?”

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். தாலே முக்கின் முதுகில் தட்டி, உடம்பு அகலமாகத் தட்டு மாதிரி பரந்திருப்பதால்தான் அந்தப் பெயர், வாலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, நடக்கப் பழகுகிற வயசில் எங்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள் என்றாள். “பட்டை வாலத்தான்டி நாங்க திம்போம். உருண்ட வாலு விஷம்.”

முக் புத்தகப் பையைத் திறந்தாள். பக்கம் எது என்று தெரியும், மூலையை மடித்து வைத்திருந்தாள். இரண்டு படங்கள். படங்களுக்குக் கீழே சின்ன எழுத்தில் நான்கு வரிகள். தட்டு லாட நண்டு, வாலின் குறுக்குவெட்டு முக்கோணம், உண்ணலாம். கிண்ண லாட நண்டு, வாலின் குறுக்குவெட்டு வட்டம், முட்டையில் நஞ்சு உண்டு, வேகவைத்தாலும் சுட்டாலும் நஞ்சு போகாது. ஒரு முறை வாசித்தாள். விரலை வைத்து இன்னொரு முறை வாசித்தாள். மூன்றாம் முறை எழுத்துகள் கண்ணில் பட்டனவே தவிர உள்ளே போகவில்லை. காலையில் தண்ணீரில் விழுந்த ஏழும் ஒவ்வொன்றாகக் காதுக்குள் மறுபடி விழுந்தன.

“வட்ட வால் போட்டவங்கல்லாம் இன்னைக்கு மத்தியானம் எங்க வீட்டுக்குச் சாப்பிட வாங்க” என்று கெங் கூட்டத்துக்கு அறிவித்தான். பிறகு முக்கின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினான். “ஏய், ஒரு மார்க்குதான போச்சு. விடு.”

முக் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். “எங்கம்மா கடையில பதினொன்னு இருக்கு.”

முதலில் தாலேக்குத்தான் விளங்கியது. அவளுடைய அப்பாவுக்குக் காய்ச்சல் என்பது அவளுக்குத் தெரியும். பிரிக்காமல் அனுப்பியது தெரியாது. “எது பதினொன்னு?” என்று கேட்டாள். முக் அதற்குள் அம்மாவின் எண்ணை அழுத்திக் காதில் வைத்துக்கொண்டிருந்தாள். ரிங் போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். தாலே தன் அப்பாவைக் கூப்பிட்டாள். அவர் தூக்கக் கலக்கத்தில் பேசினார். கூடையில் பாதிக்கு மேல் கிண்ணம்தான், இந்த வாரம் வலையில் விழுவதெல்லாம் அப்படித்தான், சொல்லித்தானே அனுப்பினேன் என்றார்.

மணி பதினொன்று நாற்பத்தெட்டு. அம்மா பத்தரைக்கு அடுப்பு மூட்டுவாள். பன்னிரண்டுக்குச் சாப்பாட்டுக் கூட்டம் வரும்.

தாலே வண்டிச் சாவியை எடுத்தாள். கெங் சிரிப்பெல்லாம் வடிந்து ஸ்கேலைக் கையில் பிடித்தபடி நின்றான். பிறகு ராச்சனி டீச்சரின் அறையைப் பார்த்து ஓடினான். சுகாதாரப் பாடம் எடுப்பவர் அவர்தான், அந்தக் கேள்வியை எழுதியவரும் அவர்தான்.

பள்ளியிலிருந்து துறைக்கு மூன்று கிலோமீட்டர். இறால் பண்ணைகளுக்கு நடுவே நேர்ச்சாலை. பின்னால் உட்கார்ந்திருந்த முக் எதிரே வருகிற ஒவ்வொரு காரையும் பார்த்தாள். யார் வேண்டுமானாலும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கலாம். பாங்காக் எண் பலகையோடு ஒரு வெள்ளைக் கார் கடந்து போனது. அதற்குள் நான்கு பேர் இருந்தார்கள். ஒரு சின்னப் பெண் ஜன்னலோரம் எதையோ மென்றுகொண்டிருந்தாள். முக் திரும்பி அந்தக் கார் மறைகிற வரைக்கும் பார்த்தாள்.

கடையில் கூட்டமே இல்லை. லம்யோங் அடுப்புக்கு விசிறிக்கொண்டிருந்தாள். கம்பி வலை மேல் நான்கு நண்டுகள் மல்லாந்து கிடந்தன. மேசையில் கட்டி முடித்த பொட்டலம் இரண்டு. ரேடியோ சத்தமாகப் பாடிக்கொண்டிருக்க, மொபைல் அதற்குப் பின்னால் சார்ஜில் கிடந்தது.

“எத்தன வித்துச்சும்மா?”

“இன்னும் போணியே ஆகல. செவ்வாக்கிழம வேற. துறைமுக ஆபீஸ்ல ரெண்டு சொல்லியிருக்காங்க, பன்னெண்டரைக்கு ஆள் வரும்.” அம்மா ஏறிட்டுப் பார்த்தாள். “பரீட்ச முடிஞ்சிருச்சா? ஏன் மூச்சு வாங்குது?”

முக் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். யாரும் வாங்கவில்லை. யாருமே வாங்கவில்லை. தாலே மேசையிலிருந்த பொட்டலங்களைப் பிடுங்கிக் குப்பை வாளியில் கொட்டினாள்.

“ஏண்டி, புத்தி கெட்டுப் போச்சா? மாங்கா ரெண்டு துருவிப் போட்டிருக்கேன்.”

“காலையில நான் மாத்திச் சொல்லிட்டேம்மா” என்றாள் முக். “வட்ட வாலுதான் விஷம்.”

லம்யோங்கின் கையில் விசிறி நின்றது. அவள் அடுப்பைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள். “புஸ்தகத்துல இருந்துச்சுன்னியே.”

“புஸ்தகத்துல சரியாத்தான் இருக்கு. நான்தான்.”

அம்மா விசிறியைக் கீழே வைத்துவிட்டு, விரல் நுனியால் தன் கீழுதட்டைத் தொட்டாள். மேலுதட்டைத் தொட்டாள். யாரோ வேறு ஒருவருடைய உதட்டைத் தொடுவதுபோல் தொட்டாள்.

“அதான் நாக்கு இப்படி இருக்கா? நான் மிளகான்னு நெனச்சேன்.”

முக் எழுந்தாள். “நீ தின்னியா?”

“உப்புப் பாத்தேன்.”

“எவ்வளவு?”

“ஒரு கரண்டி. புளிப்புப் பத்தலன்னு எலுமிச்ச புழிஞ்சுட்டு இன்னொரு கரண்டி.” லம்யோங் சிரிக்கப் பார்த்தாள். வாயின் ஒரு பக்கம் மட்டும்தான் சிரித்தது. “பல்லு புடுங்குறப்ப ஊசி போடுவாங்கல்ல, அந்த மாதிரி இருக்கு. பெருசா ஒண்ணுமில்ல.”

பக்கத்தில் நெத்திலிக் கருவாடு விற்கிற உபோன் அக்கா விஷயத்தைக் கேட்டதும் வீட்டுக்குள் போய் விஷமுறிப்பு இலையைக் கொதிக்க வைத்த கஷாயத்தை ஒரு குவளையில் கொண்டு வந்தாள். அரளியைத் தின்றவனையே இது எழுப்பி உட்கார வைத்திருக்கிறது, இரண்டு குவளை குடித்துவிட்டுக் கால் நீட்டிப் படுத்தால் சாயங்காலத்துக்குள் இறங்கிவிடும் என்றாள். லம்யோங் குவளையை வாங்கக் கையை நீட்டினாள். கை குறி தப்பிக் குவளைக்குப் பக்கத்தில் காற்றைப் பிடித்தது.

முக் நடுவில் புகுந்து குவளையைத் தள்ளினாள். “வேணாம். பதினெட்டுக்கு ஈ.”

உபோன் அக்காவுக்கு அது விளங்கவில்லை. தாலேக்கு விளங்கியது. பதினேழுக்கு அடுத்த கேள்வி அது. முட்டை சாப்பிட்ட பிறகு உதடு மரத்துப் போனவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அ, விஷமுறிப்பு இலைக் கஷாயம். ஆ, இளநீர். இ, வாந்தி எடுக்கும் வரை படுக்க வைத்தல். ஈ, மூச்சுக் கருவி உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்லுதல். தாலே அதில் ‘அ’ போட்டிருந்தாள்.

“அக்கா, உங்க வண்டிய எடுங்க” என்றாள் தாலே.

உபோன் அக்கா குவளையை அப்படியே கருவாட்டுத் தட்டின் மேல் வைத்துவிட்டுச் சாவியை எடுக்கப் போனாள். தாலே வாளியையும் அடுப்பையும் காவல் காக்கக் கடையிலேயே நின்றுகொண்டாள்.

மாவட்ட மருத்துவமனை வாசலில் ஸ்ட்ரெச்சரோடு இரண்டு செவிலியர் காத்திருந்தார்கள். ராச்சனி டீச்சர் தொலைபேசியில் சொல்லியிருந்தார். எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாததால் படுக்கை நான்கு ஒதுக்கி வைத்திருந்தார்கள். மணி பன்னிரண்டு இருபது. லம்யோங் வண்டியிலிருந்து தானாகவே இறங்கி நடந்தாள். தன்னால் எல்லோருக்கும் சிரமம் என்றாள். பன்னிரண்டு ஐம்பதுக்கு அவளுடைய இமைகள் தாமாகக் கீழே இறங்கின. ஒன்றேகாலுக்குத் தொண்டை வழியாகக் குழாய் போட்டார்கள்.

டாக்டர் இளம் வயதுப் பெண். முக்கை அழைத்து வைத்துச் சுற்றி வளைக்காமல் சொன்னார். இதற்கு மாற்று மருந்து கிடையாது. தசைகள் எல்லாம் நின்றுபோகும், மூச்சு விடுகிற தசையும் சேர்த்து. நஞ்சு தானாக வெளியேறுகிற வரை கருவி மூச்சு விடும். நேரத்தோடு வந்ததால் சமாளிக்கலாம் என்று நினைக்கிறோம். இப்போதைக்கு அவ்வளவுதான் சொல்ல முடியும்.

“அவங்க தூங்கல, அது மட்டும் ஞாபகம் வச்சுக்கோ” என்றார். “கண்ணத் தொறக்க முடியாது, வெரலக் கூட அசைக்க முடியாது. ஆனா நீ பேசுறது அவ்வளவும் கேக்கும்.”

முக் கட்டிலருகே நின்றாள். அம்மாவின் நெஞ்சு கருவியின் கணக்குக்கு ஏறி ஏறி இறங்கியது. ஒரே அளவாக, யாரோ உள்ளே இருந்து தள்ளுவதுபோல. முகத்தில் வலி இல்லை, கோபம் இல்லை, ஒன்றுமே இல்லை. கன்னத்தில் மாங்காய்த் துருவல் ஒன்று காய்ந்து ஒட்டியிருந்தது. பேசலாம் என்று டாக்டர் சொன்னார். பையில் மொபைல் அதிர்ந்துகொண்டே இருந்தது. வகுப்புக் குழுவில் முப்பத்தொன்றுக்கு என்ன, முப்பத்து நான்குக்கு ‘இ’ போட்டவர் யார் யார் என்று இன்னும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் அதை எடுத்து அணைத்துவிட்டு, குனிந்து அம்மாவின் காதருகே போனாள்.

“முக்கோணம்தாம்மா தட்டு” என்றாள். “காலையில சொன்னது தப்பு. முக்கோணம்தான் தட்டு.”

அம்மாவின் விரல் அசையவில்லை. அவள் அதையே திரும்பச் சொன்னாள். ராத்திரி செவிலி வந்து வெளியே அனுப்புகிற வரைக்கும், வேறு எதுவும் தோன்றாததால், அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை எட்டரைக்கு லம்யோங்கின் வலது கைச் சுட்டுவிரல் அசைந்தது. பதினொன்றேகாலுக்குக் குழாயை எடுத்தார்கள். தொண்டை புண்ணாகியிருந்ததால் மாலை வரை பேச வேண்டாம் என்றார்கள். அவள் கேட்கவில்லை. முக்கைக் கை காட்டிக் கூப்பிட்டு, காற்றுப்போல ஒரு குரலில் கேட்டாள்.

“அப்ப நாம கடல்ல போட்ட பெருசெல்லாம் நல்லதா?”

“ஆமாம்மா.”

லம்யோங் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவள் வெள்ளிக்கிழமை வீடு திரும்பினாள். வாளியில் இருந்ததையும் மிச்சமிருந்த நண்டுகளையும் மாவட்டச் சுகாதார அலுவலகத்தார் பரிசோதனைக்கு எடுத்துப் போயிருந்தார்கள். மார்ச் 12 திங்கட்கிழமை தேர்வு முடிவைப் பலகையில் ஒட்டினார்கள். முக்குக்கு நாற்பதுக்கு முப்பத்தெட்டு. தவறானவை ஒன்பதும் பதினேழும். இரண்டு நாள் கழித்துக் கடை திறந்தது. அன்று முதல் அங்கே சுட்ட கணவாய் மட்டும் விற்கிறார்கள்.